ஒரு குத்து, இரண்டு புட்டி

ஒரே ஒரு குத்துதான். இடது கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கால்மாட்டில் நிற்கிற பெரிய டாக்டர் மெய்யப்பன் இரண்டு கை, இரண்டு கை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சின்ன டாக்டரம்மா சஹானா அட்டையில் எழுதிக்கொள்கிறாள். தலைமாட்டில் நர்ஸ் பியூலா, என் தொண்டைக் குழாயின் நாடாவைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்திருக்கிறாள். நாடா ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. "பிளட் கல்ச்சர் ரெண்டு புட்டியும் பாசிட்டிவ். தோல்ல இருக்கிற சாதாரணக் கிருமிதான் வளந்திருக்கு. ஒரு கையில எடுத்ததுல மட்டும் வளந்திருந்தா நீ என்ன சொல்லுவே?" என்று பெரிய டாக்டர் பாடம் கேட்கிறார். "ஊசி குத்தும்போது தோல்ல இருந்து ஒட்டிக்கிட்டதுன்னு விட்டுடலாம் சார்." "தனித்தனியா ரெண்டு கையில குத்தி எடுத்து, ரெண்டிலயும் அதே கிருமின்னா?" "ரத்தத்துலயே இருக்கு சார்." "எங்க இருந்து ரத்தத்துக்கு வருது? கழுத்துல போட்டிருக்கிற டயாலிசிஸ் குழாய்ல இருந்து. மதியத்துக்குள்ள அதை உருவிடு. வேற இடத்துல புதுசு போடுவோம்." சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கச் சொல்வது போலச் சொல்கிறார். இல்லை ஐயா, ஒரே குத்து, அந்த ஒரே ரத்தத்தைத்தான் இரண்டு புட்டியிலும் விட்டது என்று நான் சொல்கிறேன். சொல்வது எனக்குத்தான் தெரியும். தொண்டையில் ஓட்டை போட்ட நாளிலிருந்து காற்று கழுத்தோடு வெளியே போய்விடுகிறது, வாய்க்கு வருவதில்லை. உதடு மட்டும் அசைகிறது. அசைகிற உதட்டைப் பார்த்துப் பெரிய டாக்டர் சிரித்து, "என்ன தங்கக்கனி ஐயா, காப்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். பியூலா சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள்தான் குத்தினாள். அன்றைக்கு எனக்கு லேசாக உடம்பு சுட்டது, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். தட்டில் இரண்டு புட்டி, அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். பக்கத்துக் கட்டிலில் அப்போதுதான் ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்து போட்டு நாலு பேர் அவன் நெஞ்சை மிதிப்பது போல அமுக்கிக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, ரெண்டு கையிலயும் எடுக்கணும். பொறுத்துக்கிடுங்க" என்றாள். இடது கை நரம்பு ஒரே தடவையில் கிடைத்தது, நல்ல கை அவளுக்கு. வலது கைக்கு வந்தாள். அது என் கை மாதிரியே இல்லை, தண்ணீரில் ஊறப்போட்ட பஞ்சு மாதிரி இருந்தது, அமுக்கிய இடத்தில் அவள் விரல் குழியாகப் பதிந்து அப்படியே நின்றது. ரப்பரைக் கட்டினாள். தட்டினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்ததால் கொஞ்சம்தான் இழுக்க முடிந்தது, ஆனால் இழுத்தேன், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால்கூட நான் அழுததில்லை. வலிக்கு அழவில்லை. வலி என்றால் ஒன்று, அது வரும், போகும். இன்னும் எத்தனை என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் அழுதேன். "ஐயோ, அழாதீங்க தாத்தா. எங்க அப்பாவையும் இப்படித்தான் போட்டுக் குத்திக் குத்தி..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் லாரி டிரைவரைப் பார்த்தாள், அவளை அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி. இதுவே போதும். ஆருக்குத் தெரியப்போகுது" என்றாள். ஊசிக்குழாயில் மீதியிருந்த ரத்தத்தை இரண்டாவது புட்டியில் விட்டு, சீட்டில் வலது என்று எழுதி ஒட்டினாள். நான் கண்ணை மூடித் திறந்தேன். அதுதான் என் கும்பிடு, அவளுக்குத் தெரியும். கைகளைக் கட்டிவைத்த மனுஷன் வேறு எப்படிக் கும்பிடுவான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கிழவனுக்கு ஒரு குத்தைக் குறைத்தாள். இதில் பாவம் என்று சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் இப்போது அந்த வலது என்ற எழுத்து போய் என் கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

கழுத்துக் குழாய் இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் நரம்பு அடைத்துப்போயிற்று, தொடையில் ரத்தம் கட்டிக் கிடக்கிறது, அங்கேயும் ஆகாது. மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். இதைப் போடும்போது என் முகத்துக்கு மேல் பச்சைத் துணியை மூடினார்கள். துணிக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர் மாதிரி திரும்பி வந்தது. யாரோ, "இல்ல, இது நரம்பு இல்ல" என்றார்கள். ஊசி நுரையீரலில் பட்டுக் காற்று நெஞ்சுக்குள் கசிந்துவிட்டது என்று பின்னால்தான் சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர இடமில்லை. பச்சை வெள்ளையாகி, வெள்ளை ஒன்றுமில்லாமலாகி, நான் போய்விட்டேன். போய்த் திரும்பினேன். இன்னொரு முறை போனால் திரும்பமாட்டேன். இது பயத்தில் சொல்வது இல்லை. ஒரு சுமையை எத்தனை தடவை ஏற்றி இறக்கினால் சாக்குக் கிழியும் என்பது சாக்கைப் பார்த்தாலே தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். எட்டாம் வகுப்புப் படிப்புக்குக் கிடைத்த நல்ல வேலை, வெயிலில் நின்று மூட்டையை எண்ணுவது. கப்பல் பக்கம் ஓர் ஆள் எண்ணுவான், கரைப் பக்கம் ஓர் ஆள் எண்ணுவான். சாயங்காலம் அதிகாரி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு நிஜம். கப்பல் பக்கம் மிக்கேல் பர்னாந்து என்று ஒருவன், நல்லவன், ராத்திரி மீனுக்குப் போய்விட்டுப் பகலில் கம்பியில் சாய்ந்து தூங்குவான். மணி அடிக்கும்போது எழுந்து, "அண்ணாச்சி, உம்ம கணக்கு எம்புட்டு?" என்பான். சொல்லுவேன். அவன் அதையே எழுதிக்கொள்வான். "பார்த்தீரா, ரெண்டும் எப்படி ஒட்டுது!" என்று அதிகாரி கையெழுத்துப் போடுவார். என் கணக்கு சரியாக இருந்ததால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஆனாலும் அது இரண்டு கணக்கு இல்லை. ஒரு கணக்கை இரண்டு பேர் சொன்னது, அவ்வளவுதான். ஒருநாள்கூட நான் அதிகாரியிடம் போய் அதைச் சொன்னதில்லை. எனக்குப் பெரிய ஆட்கள் முன்னால் நாக்கு எழும்பாது. நாக்கு இருந்த காலத்திலேயே எழும்பாது.

ஆயா வந்து மூத்திரப் பையைத் திறந்து வடிக்கிறாள். இவளிடமாவது சொல்லலாம் என்று ஒற்றை விரலை நிமிர்த்துகிறேன், ஒரு குத்து. "ஒண்ணுக்கா? அதான் குழாய் மாட்டிருக்குல்லா, தானா போவும். சும்மா கெடங்க" என்று என் விரலை மடக்கிவிட்டுப் போகிறாள். விரலை மடித்து வைத்துக்கொண்டு கிடக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நான் குறிப்புக் காட்டவேண்டியது இவளிடம் இல்லை. இதோ சஹானா டாக்டரம்மா திரும்பி வருகிறாள், காலையில் கேட்கிற நாலு கேள்விகளைக் கேட்க. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிற கேள்விகள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் இவளுக்கு என்மேல் நம்பிக்கை வரும், அப்புறம் கையைக் காட்டி, கழுத்தைக் காட்டி எப்படியாவது புரியவைக்கலாம். நான் தயாராகிறேன். பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி நெஞ்சு அடிக்கிறது, மெஷினில் பச்சைக் கோடும் கூடவே துள்ளுகிறது. "தாத்தா, சரின்னா தலையை மேலும் கீழும், இல்லைன்னா ரெண்டு பக்கமும். கல்லு தண்ணியில மிதக்குமா?" இல்லை என்று ஆட்டத்தான் போனேன். ஆட்டுவதற்குள் ராமேஸ்வரம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டி கனகமணியோடு போனபோது, கோயில் ஒன்றில் சிமெண்டுத் தொட்டியில் ஒரு கல் மிதந்துகொண்டிருந்தது. நம்பாமல் விரலால் அமுக்கிப் பார்த்தேன். முங்கிவிட்டு மேலே வந்தது, கல்தான், கட்டை இல்லை, சொரசொரப்பு இன்றைக்கும் விரலில் இருக்கிறது. எல்லாக் கல்லும் மிதக்காது. ஆனால் கல் மிதக்குமா என்றல்லவா கேட்கிறாள். கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சஹானாவின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. மற்ற மூன்றையும் சரியாகச் சொன்னேன், கடலில் மீன், ஆணிக்குச் சுத்தியல், ஒரு கிலோவை விட இரண்டு கிலோ. பிறகு அவள் இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொல்லிக்கொண்டே போய், ஏ வரும்போதெல்லாம் என் கையை அமுக்கச் சொன்னாள். நான் கல்லை நினைத்துக்கொண்டிருந்ததில் ஒன்றிரண்டு தப்பிவிட்டது. "இன்னும் குழப்பமாத்தான் இருக்கார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினாள். கை, கழுத்து, எதையும் காட்ட விடவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

திரையை இழுத்துவிட்டு பியூலா என்னைத் துடைக்க வருகிறாள். வெந்நீரில் நனைத்த துணி, முதுகைப் புரட்டி, அக்குளில், தொடையிடுக்கில், பெற்ற பிள்ளை செய்யக் கூசுகிறதை முகம் சுளிக்காமல் செய்கிறவள். எப்போதும் பேசிக்கொண்டே துடைப்பாள், நாசரேத்துப் பக்கம் அவள் வீட்டு ஆடு வேலியைத் தாண்டியது, தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவன் பலகாரத்தையெல்லாம் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனது. இன்றைக்குப் பேச்சு இல்லை. வலது கைக்கு வந்ததும் துணி நிற்கிறது. "தாத்தா" என்கிறாள், என்னைப் பார்க்காமல், கையைப் பார்த்து. "இந்தக் கையிலயும் குத்துனேன்லா? நீங்க அசதியில இருந்தீங்க. மறந்துருப்பீங்க." நான் கண்ணைத் திறந்தபடி வைத்திருக்கிறேன். "குத்துனேன் தாத்தா. இன்னா பாருங்க, தடம்கூட இருக்கு." கையில் தடத்துக்கா குறைவு. ஊதா, பச்சை, மஞ்சள், பழையது எது புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் குரல் கெஞ்சவில்லை. கெஞ்சினால் தாங்கியிருப்பேன். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறாள், சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு மூட்டை அசைகிறது. குத்தியிருப்பாளோ. ரப்பரைக் கட்டினாளே. தட்டினாளே. கட்டினவள் குத்தாமலா விட்டிருப்பாள். மிதக்கிற கல்லைப் பார்த்தேனா, இல்லை கனகமணி பார்த்துச் சொன்னதா. இந்தக் கட்டிலில் வந்த முதல் வாரம் மேற்கூரையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியதைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன் என்று கனகமணி சொல்லித்தான் அது பொய் என்றே எனக்குத் தெரியும். அப்போதும் இதே போலத்தான் சந்தேகமே இல்லாமல் இருந்தது. கழுத்துக் குழாயை உருவுவதைவிட இது பயமாக இருக்கிறது. உயிர் போனால் போகிறது, அது எல்லோருக்கும் போவதுதான். எண்ணியது தப்பு என்றால் அப்புறம் நான் யார். ஒன்று. ஒன்றுதான். மறுபடி முதலிலிருந்து வருகிறேன், இடது கை, குளிர்ந்த மருந்துப் பஞ்சு, ஒன்று. வலது கை, ரப்பர், தட்டு, இழுத்தேன், அழுதேன். குத்து இல்லை. அழுதது இருக்கிறது. அவள் அப்பாவைப் பற்றிப் பாதிச் சொல் இருக்கிறது. அந்தப் பாதிச் சொல்லை நான் எங்கிருந்து உண்டாக்கியிருக்க முடியும். அவள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஒன்று.

திரையை விலக்கிக்கொண்டு சஹானா வருகிறாள், கையுறை போட்டு, தட்டில் தையல் வெட்டுகிற கத்தரிக்கோல், மடித்த பச்சைத் துணி. அந்தப் பச்சையைக் கண்டதுமே என் கால் விரல்கள் சுருண்டுகொள்கின்றன. கத்தரிக்கோலை எடுத்தவள் யோசித்து நிற்கிறாள். "எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்துது சிஸ்டர். ரெண்டு புட்டிக்கும் லேப் மெஷின்ல ஒரே நேரத்துல பாசிட்டிவ்னு மணி அடிச்சிருக்கு, ஒரே ரத்தம் மாதிரி. இப்ப காய்ச்சலும் இல்ல. நீங்க ரெண்டு கையிலயும் தனித்தனியாத்தானே எடுத்தீங்க?" "ஆமா டாக்டர்" என்கிறாள் பியூலா. பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்த மாதிரி வருகிறது. சஹானா என் பக்கம் குனிகிறாள். குழப்பக்காரனிடம் கேட்கிறோமே என்ற கூச்சத்தோடு கேட்கிறாள். "தாத்தா, அன்னைக்கு ரெண்டு கையிலயும் குத்தினாங்களா?" இவ்வளவு நேரம் வாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தவனிடம் கடைசியில் கேட்டேவிட்டார்கள். இப்போது எனக்குத் தலை அசையவில்லை. ஆமாம் என்று ஆட்டினால் பச்சைத் துணி. இல்லை என்று ஆட்டினால் இந்தப் பெண், என் மலத்தைத் துடைத்த பெண், என்மேல் இரக்கப்பட்டதற்காக எல்லோர் முன்னாலும் பொய்க்காரி. என்னால்தான் பொய்க்காரி, நான் கையை இழுக்காமல் இருந்திருந்தால் அவள் குத்தியிருப்பாள். வாழ்நாளில் ஒரு மனுஷரை நான் மற்றவர் முன்னால் தலைகுனிய வைத்ததில்லை. பியூலா இப்போதுதான் என்னைப் பார்க்கிறாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுகிறேன், இரண்டு பக்கமும். ஒரு தடவை. இன்னொரு தடவை. உயிர்மேல் இருக்கிற ஆசை இவ்வளவு அசிங்கமாக எனக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சஹானா பெருமூச்சு விடுகிறாள். "பாவம். காலையில கல்லு மிதக்கும்னு சொன்னாரு" என்று பியூலாவிடம் சொல்லிக்கொண்டே பச்சைத் துணியை உதறி விரிக்கிறாள். துணி என் கன்னத்தைத் தொடுகிறது. மூச்சு வெந்நீராகிறது. "இருங்க டாக்டர்" என்று துணிக்கு வெளியே ஒரு குரல். "தாத்தா சரியாத்தான் சொல்லுதாங்க. அவங்களுக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. ஒரு குத்துதான். நான்தான் ரெண்டுலயும் விட்டேன்." துணி முகத்திலிருந்து விலகுகிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

பெரிய டாக்டர் வந்தார். கத்தவில்லை. "நம்பித்தானே ஒரு உசுரை ஒப்படைக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, "இனிமே இந்த ஐ.சி.யூ.ல நீ வேண்டாம், மேட்ரனைப் போய்ப் பாரு" என்றார். பியூலா என் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, துணியைக் கூடையில் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். சஹானாவே மறுபடி ரத்தம் எடுத்தாள், இடது கையில் ஒன்று, வலது கையில் நரம்பு கிடைக்கும் வரைக்கும் நாலு. நான் கையை இழுக்கவில்லை. கட்டை மாதிரி கொடுத்துக்கொண்டு கிடந்தேன், அது ஒன்றுதான் பியூலாவுக்கு என்னால் செய்ய முடிந்தது. குழாய் கழுத்திலேயே இருக்கட்டும், புதிய புட்டிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம் என்று முடிவாயிற்று. டயாலிசிஸ் மெஷினை உருட்டிவந்து அந்தக் குழாயிலேயே மாட்டியிருக்கிறார்கள். என் ரத்தம் கண்ணாடி போன்ற குழலில் சிவப்பாகப் போகிறது, சுற்றுகிறது, திரும்பி வருகிறது. சஹானா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் இல்லாத மரியாதை அவள் குரலில். "தாத்தா, மன்னிச்சிருங்க, நீங்க தெளிவாத்தான் இருக்கீங்க. இனிமே நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு. மெஷின் ஓடும்போது குளிர் எடுத்தா மட்டும் உடனே காட்டணும். குளிர் வந்தா நிஜமாவே குழாய்லதான் கிருமின்னு அர்த்தம். அப்புறம் தாமதிக்கக் கூடாது, உருவித்தான் ஆகணும். சரியா?" சரி என்று ஆட்டினேன். ஆட்டும்போதே அது தொடங்கிவிட்டிருந்தது. முதலில் பாதத்தில், ஈரத் தரையில் நின்ற மாதிரி. ஏசிக் காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். கெண்டைக்காலுக்கு ஏறியது. தொடைக்கு ஏறியது. இது ஏசி இல்லை, எலும்புக்குள்ளிருந்து வருகிறது. ஒரு குத்து என்பது நிஜம். புட்டி பொய் சொன்னது என்பதும் நிஜம். ஆனால் பொய் சொன்ன புட்டி சொன்ன விஷயம் நிஜமாக இருந்தால்? மிக்கேல் தூங்கிக்கொண்டே எழுதிய கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தப் பெண் எதற்காக வாயைத் திறந்தாள். அவள் போனது எதற்காக. நாளைக்கு இவர்கள் பேசிக்கொள்வார்கள், எப்படியும் கிருமி இருந்தது, அவள் சொல்லியிருக்காவிட்டால் காலையிலேயே எடுத்திருப்போம் என்று. அவள் சொன்ன ஒரே உண்மை என்னைக் கொன்ற உண்மையாகிவிடும். கூடாது. பல்லைக் கடிக்கிறேன். தாடை தானாகத் துள்ளப் பார்க்கிறது, நாக்கை நடுவில் வைத்து அடக்குகிறேன். வயிற்றை இறுக்குகிறேன். கட்டிய கைகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன, கம்பி மெல்லக் கிணுகிணுக்கிறது. கம்பியை விடுகிறேன். சத்தம் நிற்கிறது. சஹானா மெஷினின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கிறாள். "என்ன தாத்தா, குளிருதா?" குளிர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் நிதானமாக, தெளிவாக, இரண்டு பக்கமும் தலையை ஆட்டுகிறேன். அவள் புன்னகைத்து, என் பதில்களுக்கான கட்டத்தில் குளிர் இல்லை என்று எழுதிக்கொள்கிறாள். என்னை நம்பிவிட்டாள்.